ஸ்காட்லாந்தை அளந்து வந்தவர்

இந்த கோல்ஃப் மைதானத்தின் மூன்றாவது ஹோலில் முதல் அடி நன்றாகவே போய்விட்டாலும் நிம்மதி கிடையாது. பந்து கிடக்கும் இடத்துக்கு வந்து நின்றால் எதிரே ஒரு குன்று. குழி இருக்கும் கிரீன் அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. கொடி தெரியாது, குழி தெரியாது. குன்றின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்துவிட்டு, என்ன ஆயிற்று என்று பார்க்க மேடேறிப் போக வேண்டும். 2013 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குன்றின் மேல் நின்றிருந்தேன். திரும்பினால் அடிப்பவர் தெரிகிறார், இந்தப் பக்கம் திரும்பினால் பந்து விழுவது தெரிகிறது. ஆட்டக்காரருக்குத் தெரியாத விஷயம் வேடிக்கை பார்க்க வந்தவனுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அந்த மைதானத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

இடம் நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்டின் கிழக்குப் பக்கம், சவுத்தாம்ப்டன். மைதானத்தின் பெயர் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் ஆஃப் அமெரிக்கா. பெயரில்தான் நேஷனல். சுத்தமான தனியார் கிளப். உள்ளே இருப்பவர்கள் அழைத்தால்தான் உறுப்பினர் ஆகலாம், உறுப்பினர் கூட்டிப் போனால்தான் விருந்தாளி ஆகலாம். எனக்கு அப்படி யாரையும் தெரியாது. அன்றைக்கு நான் உள்ளே போனது வாக்கர் கோப்பைப் போட்டியின் புண்ணியத்தில். அமெரிக்க அமெச்சூர்களும் பிரிட்டன்-அயர்லாந்து அமெச்சூர்களும் மோதும் போட்டி அது. 1922இல் முதல் வாக்கர் கோப்பை நடந்தது இதே மைதானத்தில். மறுபடி இங்கே வர 91 ஆண்டுகள் ஆயின. சீட்டு வாங்கினால் யார் வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். இதை விட்டால் அடுத்தது எப்போதோ என்று நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பிவிட்டேன். கூட வந்த நண்பருக்கு கோல்ஃப் ஆகாது. வழியெல்லாம், "பச்சைப் புல்லைப் பார்க்கவா மூணு மணி நேரம் ஓட்டிக்கிட்டுப் போறோம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அவரைப் போன்றவர்களுக்காக ஒரு வரி. ஹோல் என்றால் குழி மட்டும் அல்ல. பந்தை முதலில் அடிக்கும் டீயிலிருந்து குழி இருக்கும் கிரீன் வரைக்குமான முழுத் தடமும் ஹோல்தான். அப்படிப் பதினெட்டு சேர்ந்தால் ஒரு மைதானம். நடுவில் மழித்த புல்வெளி ஃபேர்வே, மணல் பள்ளம் பங்கர். இது போதும்.

நேஷனலை வெறும் பழைய மைதானம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் கோல்ஃப் மைதானம் 'வடிவமைப்பது' என்ற எண்ணமே ஏறத்தாழ இங்கேதான் பிறந்தது. அதற்குக் காரணமான ஆள் சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு. 1855இல் கனடா பக்கத்து நயாகராவில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்தவர். 1872இல், பதினாறு வயதில், படிப்பதற்காக ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பப்பட்டார். தாத்தா அந்த ஊர்க்காரர். வந்த கையோடு பேரனை ஓல்டு டாம் மோரிஸின் கடைக்குக் கூட்டிப் போனார். கோல்ஃப் மட்டைகள் செய்து விற்கும் கடை. சிறுவர்களை ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் கட்டடத்துக்குள் விடமாட்டார்கள். அதனால் பையனின் மட்டைகளை வைக்க அந்தக் கடையிலேயே ஒரு பெட்டி ஏற்பாடு செய்து கொடுத்தார் தாத்தா. பிற்காலத்தில் அமெரிக்காவிலேயே நுழையக் கடினமான கிளப்புகளில் ஒன்றைக் கட்டப்போகிறவர், கிளப்புக்குள் நுழைய முடியாமல்தான் கோல்ஃப் கற்றுக்கொண்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு இது தேவைப்படும்.

இரண்டு வருடம் கழித்து சிகாகோ திரும்பினால் அங்கே கோல்ஃப் என்ற சொல்லே யாருக்கும் தெரியவில்லை. அடுத்த பதினெட்டு வருடத்தைத் தன் இருண்ட காலம் என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சிகாகோ கோல்ஃப் கிளப்பை உண்டாக்கினார். 1893இல் அது பதினெட்டு ஹோல் மைதானமானது. அமெரிக்காவில் அதுதான் முதல்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. 1894இல் நியூபோர்ட்டில் நடந்த போட்டியில் ஒரே ஓர் அடியில் தோற்றார். ஒரு கல் சுவரை ஒட்டிப் பந்து நின்றதால் கிடைத்த தண்டம்தான் காரணம், சுவர் எல்லாம் கோல்ஃப் தடையே அல்ல, இந்தப் போட்டி செல்லாது என்றார். அடுத்த மாதம் இன்னொரு கிளப் இன்னொரு போட்டி வைத்தது. அதிலும் தோற்றார். அதுவும் செல்லாது என்றார், ஒரு கிளப் தன்னிச்சையாகத் தேசியப் போட்டி நடத்த முடியாதாம். இந்தத் தகராறுக்கு முடிவு கட்டத்தான் அதே டிசம்பரில் ஐந்து கிளப்புகள் கூடி அமெரிக்க கோல்ஃப் சங்கத்தை உண்டாக்கின. 1895இல் அந்தச் சங்கம் நடத்திய முதல் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பை வென்றது யார் என்று கேட்கவே வேண்டாம். தோற்றவனின் புலம்பலிலிருந்து ஒரு தேசியச் சங்கம் பிறந்த கதை வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை.

1901இல் பிரிட்டனில் ஒரு கோல்ஃப் இதழ், நாட்டிலேயே சிறந்த ஹோல்கள் எவை என்று பெரிய ஆட்டக்காரர்களைக் கேட்டு வெளியிட்டது. அதைப் படித்த மெக்டொனால்டுக்கு ஒரு யோசனை. இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தால் என்ன? 1902 முதல் 1906 வரை பலமுறை கப்பல் ஏறினார். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் ஒவ்வொரு கடற்கரை மைதானமாகப் போய், நல்ல ஹோல்களை அளந்து, வரைபடம் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு மைதானத்துக்கு நூறு மதிப்பெண் என்று வைத்து எதற்கு எவ்வளவு என்று பட்டியலும் போட்டிருக்கிறார். அதில் பெரும்பங்கு மண்ணின் தன்மைக்கும் தரையின் மேடு பள்ளத்துக்கும்தான். பங்கர், நீளம் எல்லாம் அதற்குப் பிறகு. இன்றைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துத் தட்டையான நிலத்தில் நீரூற்று வைக்கிற ஆட்கள் இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

பணம் எழுபது பேர் போட்டார்கள், தலைக்கு 1,000 டாலர். நிலம் பெக்கோனிக் விரிகுடாவை ஒட்டிக் கிடைத்தது. புதரும் சதுப்புமாக, யாருக்கும் வேண்டாத காடு. உள்ளே நடந்து போகக்கூட முடியாமல், மெக்டொனால்டும் பின்னாளில் அவருக்கு மருமகனான விகமும் மட்டக் குதிரையில் ஏறி இரண்டு மூன்று நாள் சுற்றிப் பார்த்தார்களாம். கிடைத்த 450 ஏக்கரில் தங்களுக்கு வேண்டிய 205ஐ மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். ஆல்ப்ஸுக்கு (நான் குன்றின் மேல் நின்ற மூன்றாவது ஹோலின் பெயர் அது) ஏற்ற குன்று இங்கே இருக்கிறது, நான்காவது ஹோலான ரெடானுக்கு ஏற்ற மேடு அங்கே இருக்கிறது என்று கையில் வரைபடத்தோடு நிலத்தைத் தேடியிருக்கிறார்கள். பெண்ணின் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடுவதுபோல.

யாருக்கும் வேண்டாத காடு என்று எழுதிவிட்டேன். அது சரியில்லை. அந்தக் குன்றுப் பகுதி ஷின்னகாக் பூர்வகுடிகளுடையது. 1703இல் ஆயிரம் ஆண்டுக் குத்தகை என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்த நிலம். ரயில் பாதை வரும் நேரம் பார்த்து, 1859இல் அந்தக் குத்தகையை உடைத்து, அவர்களைச் சில நூறு ஏக்கருக்குள் ஒதுக்கிவிட்டார்கள். நேஷனலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஷின்னகாக் ஹில்ஸ் கிளப் 1891இல் உருவானபோது மண் வெட்டியவர்களில் அந்தக் குடியினரும் உண்டு. கிளப்பின் பெயரும் அவர்கள் பெயர்தான். 1896இல் அங்கே அமெரிக்க ஓபன் நடந்தபோது அந்தக் குடியைச் சேர்ந்த ஆஸ்கர் பன்னும், தந்தை பாதிரியாராக இருந்ததால் அங்கேயே வளர்ந்த கறுப்பினத்தவரான ஜான் ஷிப்பனும் ஆட வந்தார்கள். இவர்கள் ஆடினால் நாங்கள் ஆட மாட்டோம் என்று மற்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் கொடி பிடித்தார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஆடினாலும் போட்டி நடக்கும் என்று சங்கத் தலைவர் ஹேவ்மெயர் கறாராகச் சொல்ல, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஆடினார்கள். அன்றைக்கு நேஷனலின் வேலியோரம் நடக்கும்போதெல்லாம் இந்தக் கதை மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நண்பரிடம் சொன்னேன். "இந்த ஊர்ல புல்லுக்கு அடியிலயும் ஒரு வில்லங்கம் இருக்கு போல" என்றார்.

சரி, நான்காவது ஹோலுக்கு வருவோம். ரெடான். இதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றே சொல்லலாம்.

ரெடான் என்பது கிரிமியப் போரில் செவஸ்டோபோலில் இருந்த ரஷ்யக் கோட்டை அரண். பிரிட்டிஷ் படை அதைப் பிடிக்கப் போய்ப் பலத்த அடி வாங்கியது. அந்தப் போரில் இருந்துவிட்டு வந்த ஓர் அதிகாரி, ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் மைதானத்துப் பதினைந்தாவது ஹோலைப் பார்த்து அந்தப் பெயரை வைத்ததாகச் சொல்வார்கள். அதைத்தான் மெக்டொனால்டு இங்கே கொண்டுவந்தார். நீளம் 190 கஜத்தைச் சுற்றி. ஒரே அடியில் கிரீனை அடைய வேண்டிய ஹோல்.

ஒரு நீளமான மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை உங்களுக்கு நேராகப் போடாமல் கோணலாகப் போடுகிறார்கள். அருகில் இருக்கும் முனை வலப்பக்கம், தூர முனை இடப்பக்கம். பிறகு வலது முன்முனைக்கு அடியில் ஒரு செங்கல்லைச் சொருகி, மேசையை இடப்பக்கமாக, பின்பக்கமாகச் சரிய விடுகிறார்கள். இடப்பக்க விளிம்பின் கீழே ஆள் மூழ்கும் ஆழத்துக்கு ஒரு பங்கர். கொடி தூரத்து இடது மூலையில். இவ்வளவுதான் ரெடான். மெக்டொனால்டும் கிட்டத்தட்ட இப்படித்தான் நாலு வரியில் செய்முறை எழுதினார்.

இப்போது அடித்துப் பாருங்கள். கொடியை நேராகப் பார்த்து அடித்தால் பங்கரைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும் தரை அந்தப் பக்கம் சரிவதால் பந்து நிற்காமல் ஓடிவிடும். புத்திசாலி என்ன செய்வான்? கொடிக்கு வெகு தூரம் வலப்பக்கமாக, கிரீனின் தோள்பட்டையில் பந்தை இறக்குவான். மீதியை மண் பார்த்துக்கொள்ளும். பந்து இறங்கி, கொஞ்சம் யோசித்து, இடப்பக்கம் திரும்பி, கொடியை நோக்கி உருண்டு போகும். இலக்குக்கு முகம் கொடுக்காமல் அடித்தவனே இலக்கை அடைகிறான்.

அன்றைக்கு அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். இந்தக் காலத்து இளைஞர்கள் இரும்பு மட்டையால் பந்தை வானத்துக்கு ஏற்றி, நேராக இறக்கி நிறுத்தப் பார்த்தார்கள். சிலருக்கு நடந்தது. பலருக்குப் பந்து பின்பக்கம் வழுக்கிப் போயிற்று. ஒருவர் மட்டும் தாழ்வாக அடித்தார். பந்து வலப்பக்கம் விழுந்ததும் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் அது திரும்பத் தொடங்கியது. பத்து கஜம், பதினைந்து கஜம், இன்னும் ஓடுகிறது. கூட்டத்தில் மெல்ல ஒரு முனகல் எழுந்து சத்தமாக மாறியது. புல்லைப் பார்க்க வந்த என் நண்பர் எழுந்து நின்று கைதட்டினார். "இது பந்தா, நாய்க்குட்டியா?"

இது ஈயடிச்சான் காப்பி என்று அன்றே சிலர் குறை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நார்த் பெரிக்கில் டீயிலிருந்து கிரீனின் தரை தெரியாது, முன்னால் ஒரு மேடு மறைக்கும். நேஷனலில் முழுச் சரிவும் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. அங்கே நம்பி அடிக்க வேண்டும், இங்கே பார்த்துக்கொண்டே ஏமாற வேண்டும். இரண்டும் வேறு வேறு அனுபவம். பதினெட்டில் ஐந்தாறு ஹோல்கள்தான் குறிப்பிட்ட மூலத்திலிருந்து நேராக எடுத்தவை. மற்றவை அங்கங்கே பார்த்த நல்ல அம்சங்களைச் சேர்த்துச் செய்தவையும், சொந்தமாக யோசித்தவையும். எனக்கு வெண்பாதான் நினைவுக்கு வருகிறது. தளை தட்டக்கூடாது, ஈற்றடி முச்சீராக வரவேண்டும், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். இத்தனை விதியையும் ஒருவர் கண்டுபிடித்தார் என்பதற்காகப் பிறகு எழுதிய எல்லாரையும் காப்பியடித்தவர் என்று சொல்வோமா? ரெடான் ஒரு யாப்பு. நிலம்தான் சொல்.

அந்த யாப்பை ஊர் ஊராக எழுதித் தள்ளியவர் மெக்டொனால்டு அல்ல, அவரிடம் வேலைக்கு வந்த சேத் ரேனர். சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த நில அளவையாளர். நிலத்தை அளந்து கொடுக்கத்தான் கூப்பிட்டார்கள். வந்தவருடைய கணக்கைப் பார்த்துவிட்டு மெக்டொனால்டு விடவே இல்லை. கோல்ஃப் ஆடாத மனிதர். தான் சுமாராக ஆடத் தொடங்கினால் தன் வடிவமைப்பும் அந்தச் சுமாருக்கு இறங்கிவிடும் என்று பயந்தாராம். பிறகு தனியாகவும் பல மைதானங்கள் கட்டினார். எங்கே போனாலும் அதே ஹோல்கள்தான்: ஒரு ரெடான், ஒரு ஈடன், ஒரு ஷார்ட். 1926இல், ஐம்பத்தொரு வயதில் போய்விட்டார். கலிபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட் வேலை அப்போது அவர் கையில் இருந்தது. அவர் இறந்ததால்தான் அது இன்னொரு வடிவமைப்பாளரான அலிஸ்டர் மெக்கன்சிக்குப் போய், உலகப் புகழ் பெற்றது.

இவர்கள் இருவரும் சேர்ந்து லாங் ஐலண்டிலேயே கட்டிய இன்னொரு மைதானம் லைடோ. 1917இல் திறந்து, இரண்டாம் உலகப் போரில் கடற்படை எடுத்துக்கொண்டதோடு அழிந்தது. அதைப் பழைய புகைப்படங்களை வைத்துக் கணினியில் அங்குலம் அங்குலமாக மீட்டெடுத்து, 2023இல் விஸ்கான்சின் மாநிலத்தில் மறுபடி கட்டித் திறந்திருக்கிறார்கள். நகலுக்கும் நகல். மெக்டொனால்டு இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா, உரிமைத் தொகை கேட்டிருப்பாரா என்று யோசிப்பது உண்டு.

நேஷனலின் உண்மையான அழகு அதன் அகலம். தொலைக்காட்சியில் பார்க்கும் கடினமான மைதானங்கள் பெரும்பாலும் ஒடுக்கமானவை. இருபுறமும் மரம் அல்லது உயர்ந்த புல், நடுவில் ஒரு சந்து. இங்கே ஃபேர்வேயில் ஒரு சந்தையே கூட்டலாம். பந்து தொலையாது. முதல்முறை பார்ப்பவருக்கு, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் இரண்டாவது அடியில் இருக்கிறது. பதினேழாவது ஹோல், பெக்கோனிக், உயரமான டீயிலிருந்து கீழே விரிகுடாவைப் பார்த்து இறங்குவது. இடப்பக்கம் மணலைத் தாண்டி அடிக்கத் துணிந்தால் அடுத்த அடிக்குக் கிரீன் திறந்து தெரியும். பயந்துகொண்டு வலப்பக்கம் அடித்தால் பந்து பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் முன்னால் ஒரு மணல்மேடு வந்து கிரீனை மறைத்துக்கொள்ளும். எட்டாவது ஹோல், பாட்டில், ஃபேர்வேயின் குறுக்கே கோணலாக ஒரு பங்கர் வரிசை போட்டு இரண்டு பாதையாகப் பிரிக்கிறது. எங்கும் ஒரே சூத்திரம்தான். பலவீனமானவனுக்கு ஒரு வழி எப்போதும் உண்டு, சுற்றுவழி, கூடுதலாக ஓர் அடி ஆகும். பலசாலிக்குக் குறுக்குவழி உண்டு, தவறினால் தண்டனை. எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே ஹோலில் அவரவர் கணக்கோடு ஆடி முடிக்கலாம். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு கட்டிய மைதானம், சுமாராக ஆடுகிறவன் மேல் இவ்வளவு கரிசனம் காட்டுகிறது.

பதினான்காவது ஹோலைப் பற்றி ஒரு சிறு வாய்த்தகராறு. கேப் என்று பெயர். இது எங்கிருந்தும் எடுத்ததல்ல, மெக்டொனால்டின் சொந்தச் சரக்கு. இன்றைக்கு எந்த மைதானத்திலாவது டீயிலிருந்து தண்ணீரைக் கோணலாகத் தாண்டி அடிக்க வேண்டியிருந்தால் அதைக் கேப் ஹோல் என்கிறார்கள். ஆனால் கேப் என்றால் நிலமுனை. அந்தப் பெயர் கிரீனுக்கு வைத்தது. மூன்று பக்கமும் நீர் சூழ, முனைபோல நீட்டிக்கொண்டிருந்த கிரீன். பிறகு சாலை வந்ததால் கிரீனை இடம் மாற்ற வேண்டியதாயிற்று. முனை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது, அர்த்தம் டீக்கு நகர்ந்துவிட்டது. வேப்பமரத்தை வெட்டிய பிறகும் வேப்பமரத்து ஸ்டாப் என்று சொல்வதுபோல.

மைதானத்தின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் ஒரு காற்றாலை தெரியும், இரண்டாவது டீக்கும் பதினாறாவது கிரீனுக்கும் பக்கத்தில். தண்ணீர்த் தொட்டி அசிங்கமாக இருக்கிறது, அதை மறைக்க ஒரு காற்றாலை இருந்தால் அழகாக இருக்கும் என்று ஓர் உறுப்பினர் பேச்சுவாக்கில் சொன்னாராம். மெக்டொனால்டு காற்றாலையை வாங்கி நிறுத்திவிட்டு, ரசீதை அந்த உறுப்பினருக்கு அனுப்பிவைத்தார். முதல் ஹோலின் கிரீனை ஒரே அடியில் எட்டிவிடலாம் என்று உறவுக்காரப் பையன் ஒருவன் பந்தயம் கட்டி, எட்டியும் காட்டியதால், உயிலிலிருந்தே அவன் பெயரை அடித்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு உண்மையோ, ஆள் அப்படிச் செய்யக்கூடியவர் என்று எல்லாரும் நம்பினார்கள் என்பது உண்மை.

1922இல் இங்கே நடந்த முதல் வாக்கர் கோப்பையில் எனக்குப் பிடித்த ஆள் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் இல்லை, பெர்னார்டு டார்வின். பரிணாமக் கொள்கை சார்லஸ் டார்வினின் பேரன். லண்டன் டைம்ஸுக்குச் செய்தி எழுத வந்தவர். பிரிட்டிஷ் அணித் தலைவர் ராபர்ட் ஹாரிஸுக்கு உடம்பு சரியில்லாமல் போக, நீங்கள் வந்து ஆடுங்கள் என்று எழுத்தாளரைப் பிடித்து இழுத்துவிட்டார்கள், தலைவராகவும் ஆக்கிவிட்டார்கள். அணி 8-4 என்று தோற்றது. டார்வின் மட்டும் தன் ஒற்றையர் ஆட்டத்தில் அமெரிக்க அணித் தலைவரையே தோற்கடித்தார். கையில் குறிப்பேடு வைத்துக்கொண்டு சுற்றிய எனக்கு யாராவது உடம்பு சரியில்லாமல் விழுவார்களா என்று ஒரு நப்பாசை. யாரும் விழவில்லை. அமெரிக்கா 17-9 என்று ஜெயித்தது.

திரும்பும்போது காரில் நண்பர் கேட்டார்: "இவ்வளவு நல்லா இருக்கே, நீ ஆட முடியாதா?" முடியாது என்றேன். நான் ஆடுவது பெத்பேஜில். அதுவும் லாங் ஐலண்ட்தான், மாநில அரசின் பூங்கா. அங்குள்ள பிளாக் மைதானத்தில் அமெரிக்க ஓபனே நடந்திருக்கிறது. ஆனாலும் யாரும் பணம் கட்டி ஆடலாம். இடம் பிடிக்க ராத்திரியே போய் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே தூங்க வேண்டும். நானும் தூங்கியிருக்கிறேன், கழுத்து சுளுக்கியிருக்கிறது. பெத்பேஜில் கதவு பெரியது, ஃபேர்வே குறுகல். நேஷனலில் நேர்மாறு.

இந்த மாதிரி இடங்களைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் தொண்டையில் சிக்குகிறது. நேஷனலின் இரண்டாவது ஹோலுக்குப் பெயர் சஹாரா. மூலம் இங்கிலாந்தின் ராயல் செயின்ட் ஜார்ஜஸில் மூன்றாவது ஹோல். அங்கே ஓபன் போட்டிகள் நடக்கும். கண் தெரியாமல் மணல்மேட்டைத் தாண்டி அடிப்பது இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்று 1970களில் அதை மாற்றிவிட்டார்கள். மூலம் போய்விட்டது, நகல்தான் மிஞ்சியது. பூட்டி வைத்ததால், யாருடைய வற்புறுத்தலும் இல்லாததால் மிஞ்சியது. எல்லாருக்கும் திறந்திருந்தால் அந்த ஆல்ப்ஸ் குன்றை இந்நேரம் பாதுகாப்பு என்று சொல்லிப் பாதியாக வெட்டியிருப்பார்கள். இதற்கு என்னிடம் பதில் கிடையாது.

சில வருடம் கழித்து ஸ்காட்லாந்து போனேன். நார்த் பெரிக்கில் பணம் கட்டி ஆட இடம் கிடைத்தது. ரெடானில் வலப்பக்கம் அடித்தேன், மண் என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை, ஐந்து அடி ஆயிற்று. அப்புறம் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே ஓல்டு கோர்ஸ் என்ற மைதானம் கிளப்புக்குச் சொந்தமானது அல்ல, ஊருக்குச் சொந்தம். 1552இலேயே அந்தப் புல்வெளியில் விளையாட ஊராருக்கு உரிமை உண்டு என்று பேராயர் சாசனம் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் ஹோலுக்கும் பதினெட்டாவது ஹோலுக்கும் குறுக்கே பொதுச் சாலை போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர் ஜனம் உலாவும் இடமாக மாறிவிடும். மெக்டொனால்டு பதினாறு வயதில் பார்த்தது இதைத்தான். பங்கரின் ஆழத்தை அளந்தார், கிரீனின் சரிவை அளந்தார், குறுக்கே போகும் அந்தச் சாலையை மட்டும் ஏனோ வரைபடத்தில் சேர்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொன்றாவது ஹோல் வரை நடந்தேன். நேஷனலின் பதிமூன்றாவது ஹோலான ஈடனுக்கு மூலம் இது. பின்னால் ஈடன் ஆற்றின் கழிமுகம், முன்னால் வலப்பக்கம் ஸ்ட்ராத் பங்கர், இடப்பக்கம் ஹில் பங்கர். 1921இல் பத்தொன்பது வயது பாபி ஜோன்ஸ் இந்த ஹோலில் மாட்டிக்கொண்டு, ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போனார். நான் குனிந்து சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயோடு வந்த ஒரு மூதாட்டி, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, இதன் நகலை அமெரிக்காவில் பார்த்தேன், அதனால்தான் என்றேன்.

"அப்படியா? நன்றாகச் செய்திருக்கிறார்களா?"

ரொம்ப நன்றாக, சில இடங்களில் இதைவிடவும் நன்றாக என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாயைக் கூட்டிப் போகலாமா?" என்று கேட்டார்.

முடியாது என்றேன். அப்படியா என்று தலையாட்டிவிட்டு, கழிமுகப் பக்கம் ஓடிய நாயைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்துபோனார்.